ஜோடி பிரிந்த வயர்: டிஃபரன்ஷியல் சிக்னலுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு எனர்ஜி மீட்டரும் ஒழுங்காகப் பேசும். திங்கள் காலை மெஷின்கள் ஓட ஆரம்பித்ததும் ஐந்து மீட்டர் ஊமையாகிவிடும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த கோளாறு இது. மீட்டர்களைக் கோத்திருந்தது ஆர்.எஸ்.485 என்னும் இரண்டு வயர் இணைப்பு. கேபிள், ஆபீஸ் நெட்வொர்க்குக்கு வாங்கி மிஞ்சிப்போன கேட்-5. அங்கிருந்த எலக்ட்ரீசியன் என்னைவிட இருபது வயது மூத்தவர். “கன்டினியூட்டி ரெண்டு தடவை பாத்தாச்சுங்க. ஒரு வயருகூட விட்டுப்போகல. மீட்டருதான் டூப்ளிகேட்டா இருக்கும்” என்றார். நானும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். இந்த முனையில் ஒரு வயரைத் தொட்டால் அந்த முனையில் அதே வயர் பீப் அடித்தது.

ஆனாலும் தப்பு வயரிங்கில்தான் இருந்தது. எங்கே என்று சொல்வதற்கு முன், அந்த இரண்டு வயரும் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம்.

சீரியல் என்றால் பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் அனுப்புவது. வயருக்குள் 0, 1 என்று எதுவும் ஓடுவதில்லை; இருப்பது வோல்ட்டேஜ் மட்டும்தான். எந்த வோல்ட்டேஜை 1 என்று எடுத்துக்கொள்வது, அதை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது.

பழைய கம்ப்யூட்டர்களின் முதுகில் ஒன்பது பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்குமே, அது ஆர்.எஸ்.232. 1960-இல் அமெரிக்காவில் வந்த தரநிலை. அதில் டேட்டாவுக்கு ஒரு வயர், எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் வயர். கிரவுண்டிலிருந்து அளந்து, டேட்டா வயர் பிளஸ் 3 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் 0, மைனஸ் 3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் 1. எளிமையான ஏற்பாடு. ஆனால் அனுப்புகிற பெட்டியின் கிரவுண்டும் வாங்குகிற பெட்டியின் கிரவுண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று இது நம்பிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் நம்பலாம். நூறு மீட்டர் தள்ளி, வேறு பேனலில், வேறு எர்த் குழியில் இருந்தால் இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். அளவுகோலின் பூஜ்யமே நகர்ந்துபோனால் அளந்ததற்கு என்ன மதிப்பு? வழியில் டேட்டா வயர் மேல் ஏறுகிற இரைச்சலும் அப்படியே சிக்னலோடு சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ஆர்.எஸ்.232-க்கு எல்லை சுமார் 15 மீட்டர், நொடிக்கு 20,000 பிட் என்று அந்தக் காலத்திலேயே வைத்தார்கள்.

இப்போது ஒரு தராசை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கடையில் முன்பு கையில் தூக்கிப் பிடிப்பார்களே, இரண்டு தட்டும் நடுவில் முள்ளும் உள்ள அந்தத் தராசு. இரண்டு தட்டிலும் கால் கிலோ வைத்தால் முள் நடுவில் நிற்கும். இரண்டிலும் இன்னொரு கால் கிலோ சேர்த்து வைத்தாலும் முள் அசையாது. முள்ளுக்குத் தெரிவது வித்தியாசம் மட்டும்தான்.

டிஃபரன்ஷியல் சிக்னலில் வாங்குகிற சிப் இந்தத் தராசு முள். டேட்டாவுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வயர், ஆர்.எஸ்.485-இல் அவற்றுக்கு ஏ, பி என்று பெயர். அனுப்புகிற சிப் ஏ-வை மேலே தூக்கும்போது பி-யைக் கீழே இறக்கும். அடுத்த பிட் மாறினால் பி மேலே, ஏ கீழே. வாங்குகிற சிப் கிரவுண்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏ-வுக்கும் பி-க்கும் நடுவே யார் மேலே என்று மட்டும் பார்க்கிறது. 1983-இல் வந்த ஆர்.எஸ்.485 தரநிலைப்படி, வித்தியாசம் 200 மில்லிவோல்ட் இருந்தாலே முள் எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டும். அனுப்புகிற சிப் முழு லோடிலும் குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் கொடுக்க வேண்டும். 1.5 கொடுத்து 0.2 வந்தால் போதும் என்றால், கேபிளில் தேய்ந்து போவதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் பாருங்கள். வேகம் குறைவாக இருந்தால் 1,200 மீட்டர் வரை போகிற தெம்பு இதிலிருந்து வருகிறது.

எண்ணாக ஒரு தடவை பார்த்துவிடுவோம். ஏ-யில் 3.5 வோல்ட், பி-யில் 1.5 வோல்ட். வித்தியாசம் 2. பக்கத்து மோட்டார் கேபிளிலிருந்து 4 வோல்ட் இரைச்சல் இரண்டு வயர் மேலும் ஏறுகிறது. இப்போது ஏ 7.5, பி 5.5. வித்தியாசம் அதே 2. வாங்குகிற சிப்புக்கு இரைச்சல் வந்ததே தெரியாது. இதே 4 வோல்ட், கிரவுண்டிலிருந்து அளக்கிற ஒற்றை 5 வோல்ட் வயரில் ஏறியிருந்தால் 0 என்று அனுப்பியது 1 ஆகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக ஏற வேண்டும். ஒரு தட்டில் நூறு கிராமும் இன்னொன்றில் இருநூறு கிராமும் தூசி விழுந்தால் தராசு பொய் சொல்லத்தான் செய்யும். அந்தச் சமத்தைக் கொடுக்கிற வேலை சிப்புடையது அல்ல, கேபிளுடையது.

கேட்-5 கேபிள் ஒன்றின் தோலை ஒரு சாண் நீளத்துக்கு உரித்துப் பாருங்கள். உள்ளே எட்டு வயர் இருக்கும். ஆனால் எட்டாகக் கிடக்காது, இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடியாக இருக்கும். ஆரஞ்சும் வெள்ளை-ஆரஞ்சும் ஒரு ஜோடி. பச்சையும் வெள்ளை-பச்சையும் இன்னொன்று. பிறகு நீலம், பழுப்பு. முறுக்கின் காரணம் இதுதான். மோட்டார் கேபிளுக்குப் பக்கத்தில் இந்த ஜோடி போகும்போது, ஒரு அரைச்சுற்றில் ஏ அதற்கு அருகில் இருக்கிறது, அடுத்த அரைச்சுற்றில் பி அருகில் வந்துவிடுகிறது. மாறி மாறி வருவதால் மொத்த நீளத்தில் இரண்டுமே ஏறக்குறைய ஒரே அளவு இரைச்சலை வாங்கிக்கொள்கின்றன. காந்தப்புலத்தின் பக்கமிருந்து பார்த்தால், ஒவ்வொரு அரைச்சுற்றும் ஒரு குட்டி வளையம். ஒரு வளையத்தில் தூண்டப்படுகிற வோல்ட்டேஜும் பக்கத்து வளையத்தில் தூண்டப்படுவதும் எதிரெதிர்த் திசை. ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இது கம்ப்யூட்டர் காலத்துக் கண்டுபிடிப்பும் அல்ல. டெலிபோன் லைன் இரைச்சலுக்காக அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் 1881-லேயே முறுக்கிய ஜோடிக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

உரித்த கேபிளை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் நான்கு ஜோடியும் ஒரே நெருக்கத்தில் முறுக்கப்படவில்லை என்பது தெரியும். ஒன்று இறுக்கமாகவும் இன்னொன்று சற்றுத் தளர்வாகவும் இருக்கும். மெஷின் பிசகு அல்ல, வேண்டுமென்றே செய்தது. இரண்டு ஜோடியும் ஒரே தாளத்தில் முறுக்கியிருந்தால், இந்த ஜோடியின் ஏ எப்போதும் அந்த ஜோடியின் ஏ-வை ஒட்டியே போய்க்கொண்டிருக்கும். ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்கும்.

பட்டறைக்குத் திரும்புவோம். டெர்மினலில் ஏ-க்குப் போயிருந்தது முழு ஆரஞ்சு வயர். பி-க்குப் போயிருந்தது முழுப் பச்சை. வெள்ளைக் கோடு போட்ட வயர்களையெல்லாம் சுருட்டி இன்சுலேஷன் டேப் ஒட்டி ஓரமாக விட்டிருந்தார்கள். கேபிள் இழுத்தவர் செய்த கணக்கு எனக்கு நன்றாகப் புரிகிறது: வெள்ளை வயர் நான்கும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், இருட்டுப் பேனலுக்குள் குழப்பம் வரும், அதனால் அடையாளம் தெரிகிற கலர் வயராக இரண்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு வயர் வேண்டும் என்றார்கள், இரண்டு வயர் எடுத்தார். கன்டினியூட்டி பார்த்தால் எல்லாமே சரியாக இருக்கும். மல்டிமீட்டருக்கு ஜோடி என்றால் என்னவென்று தெரியாது.

ஆனால் ஏ ஒரு முறுக்கிலும் பி வேறொரு முறுக்கிலும் போகின்றன. இரண்டும் ஒன்றையொன்று சுற்றவே இல்லை. தனித்தனித் துணையைச் சுற்றிக்கொண்டு போகின்றன. நடுவே குட்டி வளையங்களுக்குப் பதிலாக நீளமான ஒரே வளையம். தொழிலில் இதை ஸ்பிளிட் பேர் என்போம். மீட்டர்களைக் கேள்வி கேட்டு எண்களை வாங்குகிற கருவிக்கு மாஸ்டர் என்று பெயர். அதிலிருந்து முதல் மூன்று மீட்டரும் அதே அறையில் இருந்தன. மீதி ஐந்துக்குப் போன கேபிள், டிரைவ் என்னும் மோட்டார் வேகத்தை மாற்றுகிற பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிளோடு ஒரே டிரேயில் முப்பது மீட்டர் படுத்துக் கிடந்தது. 415 வோல்ட் சப்ளையில் ஓடுகிற டிரைவுக்குள் சுமார் 580 வோல்ட் டி.சி. இருக்கும். அதை நொடிக்குச் சில ஆயிரம் தடவை வெட்டி வெட்டி மோட்டாருக்குக் கொடுக்கிறது. பட்டறைக்குள் இதைவிட மோசமான பக்கத்துவீட்டுக்காரர் கிடைப்பது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை டிரைவ் ஓடவில்லை, மீட்டர் பேசியது. அவ்வளவுதான் மர்மம்.

இதே தப்பை நெட்வொர்க் கேபிளில் இன்னும் அதிகமாகப் பார்க்கலாம். ஆர்ஜே-45 பிளக்கில் ஜோடிகள் 1-2, 3-6, 4-5, 7-8 என்று உட்காரும். நடுவில் இருக்கிற 4-5 ஜோடியைத் தாண்டி 3-உம் 6-உம் கை கோத்துக்கொள்வது பார்க்க விசித்திரமாக இருக்கும். டெலிபோன் பிளக்குகளில் நடு இரண்டு பின் முதல் லைனுக்கு, அதன் இரு பக்கமும் இருக்கிற பின்கள் இரண்டாவது லைனுக்கு என்ற பழக்கத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. இது தெரியாதவர் 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக நான்கு ஜோடியையும் சொருகி கிரிம்ப் அடித்துவிடுவார். இரண்டு முனையிலும் அதே வரிசை என்பதால் மலிவு டெஸ்டரில் எட்டு விளக்கும் அழகாக எரியும். ஆனால் 100 மெகாபிட் ஈதர்நெட் பேசுவது 1-2, 3-6 ஆகிய ஜோடிகளில். 3-உம் 6-உம் இப்போது வேறு வேறு முறுக்கில். குட்டை கேபிளில் ஓடிவிடும். நீளம் கூடினால் டேட்டா பாக்கெட்டுகள் தொலையும். “டெஸ்டர்ல ஓகே காட்டுதே சார்” என்ற வாக்கியத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

உங்கள் வண்டியிலும் இதே தத்துவம் ஓடிக்கொண்டிருக்கலாம். காருக்குள் இருக்கிற கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற இணைப்பான கேன் பஸ், சும்மா இருக்கும்போது இரண்டு வயரையும் 2.5 வோல்ட்டில் வைத்திருக்கும். பேசும்போது ஒன்றை 3.5-க்குத் தூக்கி மற்றதை 1.5-க்கு இறக்கும். யு.எஸ்.பி. கேபிளுக்குள் இருக்கிற பச்சையும் வெள்ளையும் இப்படி ஒரு ஜோடிதான்.

இனி, அனுபவசாலிகளே நம்புகிற ஒரு பொய். “ஆர்.எஸ்.485-க்கு இரண்டு வயர் போதும், கிரவுண்ட் வேண்டாம்.” வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற சிப்புக்குக் கிரவுண்ட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். தராசையே மறுபடி எடுத்துக்கொள்வோம். இரண்டு தட்டிலும் சம எடை வைத்தால் முள் அசையாது, உண்மை. இரண்டிலும் ஆளுக்கு ஐம்பது கிலோ மூட்டையை வைத்துப் பாருங்கள். அப்போதும் சமம்தான், ஆனால் கோல் முறிந்துவிடும். சிப்புக்கும் அப்படி ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதன் சொந்தக் கிரவுண்டிலிருந்து அளந்தால் ஏ, பி இரண்டும் மைனஸ் 7 வோல்ட்டுக்கும் பிளஸ் 12 வோல்ட்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். தாண்டினால் முதலில் தப்பாகப் படிக்கும். இன்னும் தாண்டினால் செத்துப்போகும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே கேபிள் போட்டுவிட்டு, இடி மழைக்குப் பிறகு பத்து கார்டு எரிந்துபோன கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. அதனால் மூன்றாவதாக, கருவிகளின் கிரவுண்டுகளைச் சேர்த்துக் கட்டுகிற ஒரு காமன் வயர் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்-5-இல்தான் இன்னும் ஆறு வயர் சும்மா கிடக்கிறதே. கட்டடம் விட்டுக் கட்டடம் போனால், இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்துகிற ஐசோலேட்டட் கன்வெர்ட்டர் போடுங்கள், காசு பார்க்காதீர்கள். கேபிளுக்கு ஷீல்டு என்னும் உலோக உறை இருந்தால் அதை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்வது என் வழக்கம். இதில் ஆளாளுக்கு ஒரு கட்சி இருக்கிறது. நான் சண்டைக்கு வரவில்லை.

அடுத்தது 120 ஓம் ரெசிஸ்டர். இதைப் பற்றிப் பயம் அதிகம், புரிதல் குறைவு. வாய்க்காலில் ஓடி வருகிற அலை மூடிய மதகில் மோதினால் திரும்பி வரும். கேபிள் முனைக்கு வந்த சிக்னலும் அப்படித்தான், அங்கே அதை உறிஞ்ச எதுவும் இல்லையென்றால் திரும்பி வந்து அடுத்த பிட்டைக் கலக்கும். ஓடி வருகிற அலைக்குக் கேபிள் காட்டுகிற எதிர்ப்புக்குக் குண எதிர்ப்பு என்று பெயர். அதற்கு ஈடான ஒரு ரெசிஸ்டரை ஏ-க்கும் பி-க்கும் நடுவே, இரண்டு கடைசி முனையிலும் வைத்தால் அலை அதில் அடங்கிவிடும். கேட்-5-இன் குண எதிர்ப்பு 100 ஓம். அதில் 120 போட்டால் சுமார் 9 சதவீதம் திரும்பும், கவலைப்படத் தேவையில்லை.

உண்மையில் எப்போது கவலைப்பட வேண்டும்? கேபிளில் சிக்னல் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 5 நானோநொடி எடுத்துக்கொள்ளும். 200 மீட்டர் போய்த் திரும்பி வர 2 மைக்ரோநொடி. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோநொடி, அதை வாங்குகிற சிப் நடுவில்தான் படிக்கும். எதிரொலி நாலைந்து முறை போய் வந்து அடங்கிய பிறகும் நேரம் மிச்சம் இருக்கும். ஆக, 9600-இல் 200 மீட்டருக்கு ரெசிஸ்டர் இல்லாமலே ஓடும், ஓடிக்கொண்டும் இருக்கிறது. நொடிக்கு 10 லட்சம் பிட் என்றால் ஒரு பிட்டே 1 மைக்ரோநொடிதான். அங்கே ரெசிஸ்டர் இல்லாமல் ஆகாது.

ரெசிஸ்டர் போட்டு நிலைமை மோசமானதும் உண்டு. லைனில் யாருமே பேசாத நேரத்தில் எல்லாச் சிப்பும் கையை எடுத்துவிடும். இரண்டு 120 ஓம் சேர்ந்து 60 ஓமாக ஏ-வையும் பி-யையும் ஒரே மட்டத்துக்கு இழுத்து வைத்திருக்கும். வித்தியாசம் பூஜ்யம். பழைய சிப் அதை 1 என்றும் சொல்லலாம், 0 என்றும் சொல்லலாம். இல்லாத எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு வயரை 5 வோல்ட்டுக்கும் மற்றதைக் கிரவுண்டுக்கும் ஆளுக்கொரு ரெசிஸ்டரால் இழுத்துக் கட்டுவார்கள். பயாஸ் என்று பெயர். 560 ஓம் போட்டால் நடுவே கிட்டத்தட்ட 0.25 வோல்ட் நிற்கும், 200 மில்லிவோல்ட்டைத் தாண்டிவிட்டது. கையில் கிடைத்தது 1 கிலோ ஓம் என்று அதைப் போட்டால் 0.15 வோல்ட்கூட வராது. புதிய சிப்புகள் பலவற்றில் பூஜ்யத்தையும் 1 என்றே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே வந்துவிட்டது.

ரெசிஸ்டர் எத்தனை இருக்கிறது என்று அறிய எல்லாவற்றின் பவரையும் நிறுத்திவிட்டு ஏ-க்கும் பி-க்கும் நடுவே ஓம் அளந்தால் போதும். 60-ஐ ஒட்டி வந்தால் இரண்டு. 120 என்றால் ஒன்று. ஒருமுறை எனக்கு 15 வந்தது. எட்டுக் கருவியிலும் உள்ளே இருந்த ரெசிஸ்டரை லைனில் சேர்க்கிற குட்டி ஸ்விட்சை ஆன் செய்து வைத்திருந்தார்கள், நல்லதுதானே என்று.

வயர் போகும் வழியும் முக்கியம். ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டர், அங்கிருந்து அடுத்தது என்று பூ கோப்பது போலப் போக வேண்டும். நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து எட்டுக் கிளை பிரித்தால் அலை மோத எட்டு மதகு கட்டிக் கொடுத்த மாதிரி.

பட்டறையில் நாங்கள் முழுப் பச்சையைக் கழற்றிவிட்டு, டேப் ஒட்டிக் கிடந்த வெள்ளை-ஆரஞ்சை பி-யில் போட்டோம். நீல ஜோடியின் இரண்டு வயரையும் சேர்த்துக் காமனுக்குக் கொடுத்தோம். எட்டு இடத்திலும் இதைச் செய்ய மத்தியானம் ஆகிவிட்டது. டிரைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏழு மீட்டர் பேசின. புதிதாக மாற்றி வைத்திருந்த எட்டாவது மட்டும் வாய் திறக்கவில்லை.

இதற்குக் காரணம் வேறு. ஏ, பி என்று பெயர் வைத்தவர்கள் எல்லோரும் ஒரே பொருளில் வைக்கவில்லை. தரநிலைப்படி, லைன் ஓய்வில் இருக்கும்போது பி-தான் ஏ-வைவிட மேலே இருக்க வேண்டும். ஆனால் 75176, மேக்ஸ்485 போல எங்கும் புழங்குகிற சிப்புகளின் விவரத் தாளில் ஓய்வில் மேலே இருப்பது ஏ. மீட்டர் செய்கிறவர்களில் சிலர் தரநிலையைப் பார்த்து டெர்மினலில் அச்சடிக்கிறார்கள், சிலர் சிப்பின் காலைப் பார்த்து அச்சடிக்கிறார்கள். இந்த மாதிரிக் கருவிகள் பேசுகிற மொழிகளில் ஒன்றான மோட்பஸின் ஆவணம் இந்த வம்பே வேண்டாமென்று டி0, டி1 என்ற பெயர்களையும் சேர்த்துத் தருகிறது. நல்ல வேளையாக, ஏ-வையும் பி-யையும் மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது. முள் எதிர்ப்பக்கம் சாயும், 0 எல்லாம் 1 ஆகத் தெரியும், கருவி பதில் சொல்லாது, அவ்வளவுதான். அதனால் ஒரு கருவி மட்டும் பேசவில்லையென்றால் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன் நான் முதலில் செய்வது, அதன் இரண்டு வயரையும் இடம் மாற்றிப் பார்ப்பது.

மாற்றினேன். திரையில் எட்டாவது வரியிலும் எண் ஓட ஆரம்பித்தது. எலக்ட்ரீசியன் டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டே, “அப்ப மீட்டரு டூப்ளிகேட் இல்லீங்களா? ரெண்டு மீட்டர கடைக்காரன்கிட்டத் திருப்பிக் குடுத்துட்டனுங்களே” என்றார்.